காப்பர் சல்பேட் 'உலர்ந்தது' அல்ல, 'நீரற்றது'

பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். போன வாரம் ஒரு வழிகாட்டி நூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, நீரைக் கண்டறியும் சோதனையில 'உலர்ந்த காப்பர் சல்பேட் வெண்மையாக இருக்கும், நீர் பட்டால் நீலமாகும்'னு போட்டிருக்கு. எங்க லேப்ல டப்பாவுல இருக்கறதும் காய்ஞ்சுதானே இருக்கு? அது ஏன் நீலமா இருக்கு?"

நியாயமான கேள்வி. புத்தகம்தான் அவளைக் குழப்பியிருக்கிறது. இந்த 'உலர்ந்த' என்ற சொல்லைக் காணொளிகளிலும் வினாத்தாள்களிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மூலச் சொல் அன்ஹைட்ரஸ். கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லாமை, 'ஹைடோர்' என்றால் நீர். நம் பாடநூல் தரும் சொல் 'நீரற்ற'. பொருள் விளக்கம் இவ்வளவுதான். சண்டை இனிமேல்தான்.

'நீரற்ற' என்பது பிள்ளைகளுக்குக் கடினம், 'உலர்ந்த' எளிது என்கிறார்கள். எளிய சொல்தான், ஆனால் அது வேறொன்றைச் சொல்கிற சொல். துணி உலர்கிறது, நெல் உலர்கிறது, மேலே ஒட்டியிருந்த ஈரம் போகிறது. மயில்துத்தத்தில், அதாவது அந்த நீலக் காப்பர் சல்பேட்டில், இருக்கும் நீர் ஈரம் அல்ல. படிகத்துக்குள் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்ற கணக்கில் கட்டுண்டு கிடக்கும் படிகநீர் அது. கையில் எடுத்தால் மொறமொறவென்றுதான் இருக்கும். ஆனாலும் 100 கிராமில் 36 கிராம் தண்ணீர். பயிரின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்காக உரக்கடையில் ஒரு கிலோ மயில்துத்தம் வாங்குகிற விவசாயி, 360 கிராம் தண்ணீரையும் சேர்த்தே வாங்கி வருகிறார்.

நான் வேதியியல் நடத்திய காலத்தில் இதைச் செய்து காட்டாமல் அந்தப் பாடத்தை முடித்ததே இல்லை. காய்ந்த சோதனைக்குழாயில் கொஞ்சம் நீலப் படிகம். வாய்ப்பக்கம் சற்றே கீழே சாய்ந்திருக்கும்படி குழாயைப் பிடித்துச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் துளிகள் பின்னால் ஓடிச் சூடான கண்ணாடியில் பட்டு விரிசல் விட்டுவிடும். முதலில் படிகங்களின் ஓரம் வெளுக்கும். அப்புறம் குழாயின் வாயருகே, சூடு படாத இடத்தில், பனித்துளி மாதிரி நீர் அரும்பும். "சார், தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு குரல் கேட்கும். அந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. 'உலர்ந்த' என்று சொல்லிக் கொடுத்தால், உள்ளே தண்ணீர் இருந்த செய்தியே பிள்ளைக்குப் போய்ச் சேராது.

ஐந்து நீரும் போக 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். வெயிலில் காயவைத்து வருகிற நிலை இல்லை இது. மிஞ்சும் வெள்ளைப் பொடியின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே நீலம், குழாயும் சூடாகும். மூடாமல் வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்தே மெல்ல நீலம் பாரிக்கும். (வெள்ளையாக இருக்கிறதே என்று இதை 'வெள்ளைத் துத்தம்' என்று எழுதிய ஒரு காணொளியும் பார்த்தேன். வெள்ளைத் துத்தம் என்பது துத்தநாக சல்பேட். அது வேறு உப்பு.)

'நீரிலி' என்று வைக்கலாமே என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். அழகான சொல், ஆனால் அதை அன்ஹைட்ரைடு என்ற வேறொரு சேர்ம வகைக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டோம்: அசிட்டிக் நீரிலி. ஒரே சொல்லை இரண்டு பொருளுக்குச் சுமத்துவது பாவம். மேலும் 'நீரற்ற' என்பதில் 'அறு' இருக்கிறது. உறவு அற்றுப்போச்சு என்கிறோம், இருந்தது போய்விட்டது என்று. மயில்துத்தத்திலிருந்து நீர் பிரிந்த கதை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'உலர்' என்ற சொல்லை நான் வெறுக்கவில்லை. அதற்கு ஆய்வகத்தில் உரிய இடம் உண்டு. அம்மோனியாவுக்கு ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைத்தான் காட்ட வேண்டும், உலர்ந்த தாள் நிறம் மாறாது. உலர்ந்த குளோரின் உலர்ந்த தாளை வெளுக்காது. அங்கெல்லாம் பேச்சு ஈரத்தைப் பற்றியது. ஈரத்துக்கு எதிர்ச்சொல் உலர்வு. நீரேறிய உப்புக்கு எதிர்ச்சொல் நீரற்ற உப்பு. ஈதர் என்ற கரைப்பானை, 'ட்ரை ஈதர்' என்ற ஆங்கிலத்தை ஒட்டி, 'உலர் ஈதர்' என்று எழுதிப் பழகியதால் வந்த வினை இது என்று நினைக்கிறேன். அந்த ஈதரில் நீர் வெறுமனே கலந்திருந்தது, கட்டுண்டு இல்லை, அதனால் அங்கே 'உலர்' பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்தால் போதாது, ஒரு முறையாவது குழாயைப் பார்க்க வேண்டும். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் மாற்றி வைப்பவர்களால்தான், தமிழில் அறிவியல் படிப்பதே குழப்பம் என்ற கெட்ட பெயர் வருகிறது. மொழி என்ன பாவம் செய்தது?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் பேனாவை எடுத்து 'உலர்ந்த'வை அடித்தாள், மேலே 'நீரற்ற' என்று எழுதினாள். பக்கத்தைப் புரட்டினாள். "மாமா, இங்க 'உலர்ந்த கால்சியம் குளோரைடு'ன்னு இருக்கு."

அதையும் அடிக்கச் சொன்னேன்.