அவள் யார் என்று அப்புறம் பார்த்துக்கொள்வானாம்

கல்லூரிகளில் திருமணச் சட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டால், சட்டப் பிரிவுகளைத் தொடுவதற்கு முன் ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவின் சில படங்களைக் காட்டுவேன். ‘காப்ரிசோஸ்’ என்ற தொகுப்பில் வந்தவை அவை. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்ட 80 படங்கள் 1799இல் மாட்ரிட்டில் விற்பனைக்கு வந்தன. குடும்ப நீதிமன்றத்தில் நான் தினமும் பார்ப்பது அந்தப் படங்களில் அப்படியே இருக்கிறது.

39வது படத்தில் கோட்டு போட்ட ஒரு கழுதை, பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் முழுக்க வரிசையாகக் கழுதைகள். எல்லாம் அதன் முன்னோர்கள். 57வது படத்தில் இதே வம்சப் பெருமை கல்யாணப் பேச்சுக்குள் நுழைகிறது. பெண்ணின் முகத்தில் விலங்கு முகம் போன்ற முகமூடி. பின்னால் ஏட்டைத் திறந்து பரம்பரையை வாசிக்கிறார்கள். பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய கையெழுத்துக் குறிப்பு இதை விளக்குகிறது: பெண்ணின் அப்பா யார், தாத்தா யார், கொள்ளுத்தாத்தா யார் என்றெல்லாம் காட்டி மாப்பிள்ளையை மயக்குகிறார்கள். சரி, அவள் யார்? அதை அவன் அப்புறம் பார்த்துக்கொள்வான்.

என்னிடம் வரும் பல வழக்குகளின் வேர் இந்தக் கேள்விதான். சாதி, சொத்து, சம்பளம், பெரியப்பா எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பது வரை விசாரிக்கிற குடும்பத்துக்கு, கல்யாணம் செய்துகொள்ளப்போகிற இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து உனக்கு விருப்பமா என்று கேட்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

கோயா காலத்து ஸ்பெயினிலும் பெரியவர்களின் சொல்தான் சட்டம். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் தகப்பனின் சம்மதம் இல்லாமல் மணந்தால் சொத்துரிமை போய்விடும் என்று மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1776இல் ஆணை போட்டிருந்தார். 2வது படத்தில் முகமூடி அணிந்த இளம்பெண்ணை ஒரு கிழவன் கைபிடித்து அழைத்துப்போகிறான். சுதந்திரமாக வாழலாம் என்ற ஆசையில் பெண்கள் சுலபமாகத் தலையாட்டிவிடுகிறார்கள் என்று பிராடோ குறிப்பு பழியைப் பெண்கள் மேல் போடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வேறு வழியே வைக்காமல் கேட்டால் வருகிற ‘சரி’ சம்மதம் ஆகாது.

75வது படம்தான் மாணவர்களை அதிகம் பேசவைக்கும். ஓர் ஆணும் பெண்ணும் மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டுத் திமிறுகிறார்கள், மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய ஆந்தை ஒன்று மேலே ஏறி அழுத்திக்கொண்டிருக்கிறது. ‘எங்களை அவிழ்த்துவிட யாருமே இல்லையா?’ என்பது தலைப்பு. கட்டாயக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்கிறது குறிப்பு. ஸ்பெயினில் விவாகரத்து 1932இல் வந்து, சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி அதை 1939இல் ரத்துசெய்து, மறுபடி 1981இல்தான் வந்தது.

நம் ஊரில் அவிழ்க்க வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாததுதான் எனக்கு வருத்தம். இந்து திருமணச் சட்டம் 12(1)(இ) பிரிவின்படி, வற்புறுத்தியோ முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றியோ சம்மதம் வாங்கியிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்துசெய்யக் கோரலாம். ஆனால் வற்புறுத்தல் நின்ற நாளிலிருந்து, அல்லது ஏமாற்றியது தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். உண்மை தெரிந்த பிறகும் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ‘கொஞ்ச நாள் பொறுத்துப் பார், சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே அந்த ஓராண்டு கழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்னிடம் வந்தால் விவாகரத்து வழக்குதான் மிச்சம், அது நீளமானது.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. கல்யாணத்துக்கு முன்பே மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள், மண்டபம் பேசி முடித்துவிட்டார்களே என்று தயங்க வேண்டாம்.