ஹீட் நம்பர் இல்லாத ஷாஃப்ட் கப்பலுக்கு ஆகாது

"பாதுகாப்புத் துறை ஆர்டர் எடுக்க என்ன வழி?" சேலத்து லேத் பட்டறைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு நம் ஊரும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இடம்பெற்றிருக்கிறது. உலோகத் தர ஆய்வாளராக எனக்கு இதில் மகிழ்ச்சி உண்டு. கவலையும் உண்டு.

ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பல் சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1980-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. 1991-இல் அந்த நாடே கலைந்தது. கப்பலோ 2021 வரை பணியில் இருந்தது. உதிரிபாகத்துக்கு எங்கே போவது? 2021-இல் சேர்ந்த ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் மும்பையில் கட்டப்பட்டதுதான். ஆனால் அதை ஓட்டும் கேஸ் டர்பைன்கள் உக்ரைன் தயாரிப்பு. மறு ஆண்டே அங்கே பெரும் போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கும் பாகங்களை உள்நாட்டிலேயே செய்துகொள்ள அரசு முனைவது இதனால்தான்.

அப்படிச் செய்யும்போது முதல் எதிரி கடல்நீர். கப்பலின் குளிரூட்டும் அமைப்பிலும் தீயணைப்புக் குழாயிலும் ஓடுவது அதுதான். 304 ரக எவர்சில்வர் உப்புநீரில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து அரிக்கும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் கூடுதலாகத் தாங்கும். தேங்கிய கடல்நீரில் அதுவும் தடுமாறும் என்பதால் பல வால்வுகளுக்கு நிக்கல் அலுமினிய வெண்கலம் கேட்பார்கள்.

ஒரு பட்டறையில் பம்பு ஷாஃப்ட் ஒன்றில் காந்தத்தை வைத்துக் காட்டினார்கள். "ஒட்டவில்லை பாருங்கள் சார், அசல் 316." காந்தம் 304-லும் ஒட்டாது! பகுப்பாய்வுக் கருவியை வைத்தேன். மாலிப்டினம் இல்லவே இல்லை. சான்றிதழோ 316 என்றது. யாரும் ஏமாற்றவில்லை. முழு பாரின், அதாவது உலோகத் தண்டின், ஒரு முனையில்தான் ஹீட் நம்பர் பஞ்ச் செய்திருந்தது. எந்த உருக்கில் வார்த்த உலோகம் என்று காட்ட ஆலை கொடுக்கும் எண் அது. அந்த முனை முதல் ஜாபுக்கு அறுபட்டுப் போனது. எண் இல்லாத மீதித் துண்டு ரேக்கில் 304 துண்டுகளோடு கலந்துவிட்டது. பளபளப்பில் இரண்டும் ஒன்றுதான்.

துறைமுகத்தில் நிற்கும்போது இந்த ஷாஃப்ட் உடைந்தால் மாற்றிவிடலாம். நடுக்கடலில், தீ பிடித்த நேரத்தில் பம்பு நின்றால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அந்த எண்ணம் எனக்கு ஒவ்வொரு ஆய்விலும் வரும்.

ஆகவே பாரை ரம்பத்தில் வைக்கும் முன்பே, மீதியாகப் போகும் துண்டில் ஹீட் நம்பரைப் பஞ்ச் செய்யுங்கள். செய்த பிறகு வெட்டுங்கள். கடை பில்லைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆலை கொடுத்த சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைசல் சுலபம் என்று 303 ரக எவர்சில்வர் பாருக்கு மாறாதீர்கள். அதில் சேர்க்கும் கந்தகமே அரிப்புக்கு வழி திறக்கும். ரப்பர் சீல்களுக்குத் தயாரிப்புத் தேதி இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

வால்வுக்கு நீரழுத்தச் சோதனை செய்பவர்களுக்கு இன்னொன்று. குளோரைடு (உப்பில் இருப்பது) மிகுந்த போர்வெல் தண்ணீரை எவர்சில்வர் உடலுக்குள் தேங்கவிட்டால் அரிப்பு பட்டறையிலேயே தொடங்கிவிடும். குளோரைடு அளவு பார்த்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். சோதனை முடிந்ததும் வடித்து, காற்றடித்து உலர்த்தியபின் மூடி போட்டு அனுப்புங்கள்.