தலையிடி என்று வந்த தம்பியும் கரியடுப்போடு வாழ்ந்த கரேமும்

இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது ஆள். மூவரும் உணவகக் குசினியில் வேலை செய்கிறவர்கள். மூவரும் நம்மவர்கள். மூவரும் சொன்னதும் ஒரே வசனம்தான்: "வெறும் தலையிடி, டொக்டர்."

பாரிசுக்கு வெளியே ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். கடைசியாக வந்த தம்பிக்கு இருபத்துச் சொச்சம் வயது, பாத்திரம் கழுவும் வேலை. சனிக்கிழமை இரவு 11.30 இருக்கும். இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டு, கை விரல் தோல் தண்ணீரில் ஊறிச் சுருங்கியபடி வந்து உட்கார்ந்தார். "ஒரு குளிசை தந்தா போயிடுவன், காலமை திரும்ப வேலை" என்றார். விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் 99 என்று காட்டியது. நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: "தம்பி, குசினியில வேற ஆருக்கும் தலையிடிக்குதா?"

"எல்லாருக்கும்தான். அது குசினிதானே, டொக்டர்."

இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினில் 24 வீதத்தைக் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு பிடித்து வைத்திருந்தது. தீயணைப்புப் படைக்குச் சொன்னோம். அவர்கள் போய்ப் பார்த்தால், கரித் தந்தூரி அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, மேலே புகை உறிஞ்சும் விசிறி நிறுத்தப்பட்டிருக்கிறது. விசிறி ஓடினால் வெளிக்குளிர் உள்ளே வருகிறதாம், தட்டில் வைத்த சாப்பாடு மேசைக்குப் போகுமுன் ஆறிவிடுகிறதாம். இன்னும் இரண்டு சமையற்காரரை அன்றிரவே கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு எழுந்து நடக்கவே முடியவில்லை.

சாப்பாடு ஆறிவிடும் என்ற அந்தக் காரணத்தைக் கேட்டதும் எனக்குப் பிரெஞ்சுச் சமையல் மேதை மரி அந்துவான் கரேம்தான் ஞாபகத்துக்கு வந்தார். இந்த நகரத்துக் குசினிகளில் நிற்கிற ஒவ்வொருவரும் அவருடைய கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாரிசில், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கரேம். பத்து வயதளவில் தகப்பன், "நீ கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வாய்" என்ற மாதிரிச் சொல்லித் தெருவில் விட்டுப் போய்விட்டார். ஒரு சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு வீவியென் தெருவில் பாயி என்ற பெயர்பெற்ற பேஸ்ட்ரிக்காரரிடம் தொழில் பழகினார். அருகில்தான் தேசிய நூலகம். முதலாளி நேரம் கொடுக்க, பையன் அங்கே போய்க் கட்டடக்கலைப் படங்களைப் பார்த்து வரைவான். அந்தக் கோயில்களையும் பாழடைந்த மண்டபங்களையும் சீனியாலும் மாவாலும் கட்டி விருந்து மேசையில் நிறுத்தினான். அப்புறம் ராஜதந்திரி தலேரான், ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாந்தர், இங்கிலாந்தின் ஆட்சி இளவரசர் (அரசருக்குப் பதிலாக ஆண்டவர்), பாரிசின் ரோத்சைல்ட் வங்கிக் குடும்பம் என்று ஐரோப்பாவின் பெரிய மேசைகளெல்லாம் அவருடைய சமையலைச் சாப்பிட்டன. பிரெஞ்சுச் சோஸ்களை, மற்றவற்றுக்கு அடிப்படையான நான்கு "தாய்" சோஸ்களின் கீழ் வகைப்படுத்தியவர் அவர். 1815இல் தொடங்கிச் சாகும்வரை புத்தகங்கள் எழுதினார்.

1833 ஜனவரி 12ஆம் தேதி இறந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. வாழ்நாள் முழுக்கச் சுவாசித்த கரி நச்சுதான் அவரைக் கொண்டுபோனது என்று சமையல் உலகம் இன்றும் சொல்கிறது. ஒரு மருத்துவராக அவருடைய மரணப் பத்திரத்தில் அந்தக் காரணத்தை எழுத என் கை வராது. ஆனால் தன் வேலையிடத்தைப் பற்றி அவரே எழுதி வைத்ததை வாசித்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். ஒரே சூளைக்குள் இருபது சமையற்காரர், கொழுந்துவிட்டெரியும் கரிக் குவியல்கள், எதிரே விறகு நெருப்பில் சுழலும் இறைச்சிக் கம்பிகள். பரிமாறுகிற அரைமணி நேரம் கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்களாம், காற்றுப் பட்டுச் சாப்பாடு ஆறிவிடக் கூடாது என்று.

அந்தக் காலத்துக் கரியடுப்பு, இடுப்பு உயரத்தில் செங்கல் கட்டி, மேலே குழி விட்டுக் கரி போடுவது. பலவற்றுக்குப் புகைபோக்கியே கிடையாது. அதனால்தான் யன்னலோரம் கட்டினார்கள். பிறகு அந்த யன்னலையும் மூடினால் என்ன ஆகும்?

"கரி நம்மைக் கொல்கிறது, இருக்கட்டும்; ஆயுள் குறைந்தாலும் புகழ் கூடும்" என்று கரேம் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் பெருமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது. அவருக்காவது பெயர் நிலைத்தது. அவர் பக்கத்தில் நின்று அதே காற்றைக் குடித்த மற்றப் பத்தொன்பது பேரின் பெயர் யாருக்குத் தெரியும்?

சரி, இப்போது எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுகிற நம்பிக்கைக்கு வருகிறேன். "கரி நல்லாச் சிவந்திட்டுது, புகையே இல்லை, இனிப் பயமில்லை."

பயப்பட வேண்டியது அப்போதுதான்! கண்ணுக்குத் தெரிகிற புகை விறகிலுள்ள தாரும் தூசியும். மரத்தைக் கரியாக்கும்போதே அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. ஆகவே கரி புகையாமல் எரிவது இயல்பு. ஆனால் எரிவது கரிதானே. காற்றுப் போதாத இடத்தில் அது காபன் மொனொக்சைட்டாக வரும். பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, அதே வாயு. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. சிவந்து கிடக்கிற கரிப் படுக்கைக்குள் உருவாகும் காபனீரொட்சைட்டுக்கூட மேலே வரும் வழியில் அந்தச் சூட்டுக் கரியில் பட்டு இந்த வாயுவாக மாறும். மூக்கை வைத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். உங்கள் மூக்குக்கு இது தெரியாது. கரேமின் மூக்கைவிடக் கூர்மையான மூக்கு சமையலில் இருந்திருக்குமா? அதற்கே தெரிந்திருக்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பு: "கூரையில் அலாரம் இருக்குத்தானே." 2015 மார்ச்சிலிருந்து பிரான்சில் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயமாகப் பூட்டச் சொன்ன வெள்ளை வட்டப் பெட்டி புகையைத்தான் பிடிக்கும். இந்த வாயு அதைக் கடந்து போகும், அது சத்தமே போடாது. காபன் மொனொக்சைட்டுக்கு வேறு கருவி, தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போது பெட்டியில் 50291 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

விரலில் மாட்டும் கருவியையும் நம்பாதீர்கள். இது சக தாதிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒட்சிசன் பிடித்த ஈமோகுளோபினையும் இந்த வாயு பிடித்ததையும் அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. அந்தத் தம்பிக்கு வந்த 99 அப்படித்தான் வந்தது.

இது குசினியோடு முடிகிற விஷயமும் இல்லை. எழுத்தாளர் எமில் ஸோலா 1902 செப்டம்பரில் பாரிசில் தன் படுக்கையறையில் இந்த வாயுவால்தான் செத்தார். புகைபோக்கி அடைபட்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி பிழைத்துக்கொண்டார். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவருகிறவர்கள், மழை என்று பார்பக்யூவைப் பல்கனிக் கதவுக்கு உள்ளே இழுக்கிறவர்கள் தயவுசெய்து இதை நினையுங்கள். அணைந்தது போலத் தெரிகிற கரியும் மணிக்கணக்காக வாயு விடும்.

கரேம் காலத்திலேயே நல்ல குசினி கட்டத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு மனக்கவலை. 1816இல் அவர் இங்கிலாந்தின் ஆட்சி இளவரசரிடம் போனபோது, பிரைட்டன் மாளிகையில் புதிதாகக் கட்டிய பெரிய குசினியில் சமைத்தார். உயரமான கூரை, சுவரின் மேல்பகுதியில் யன்னல் வரிசை, அடுப்புகளுக்கு மேல் ஆவியையும் சூட்டையும் இழுக்கிற செம்பு விதானங்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். இருநூறு வருடத்துக்கு முன் செய்ததை இன்று ஒரு பொத்தானை அமத்திச் செய்யலாம். அந்தப் பொத்தானைத்தான் நிறுத்தி வைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கரி பற்ற வைக்குமுன் விசிறியைப் போடுங்கள், கரி முழுதும் அணைந்து சாம்பலை வெளியே கொண்டுபோன பிறகு நிறுத்துங்கள். உறிஞ்சுகிற விசிறிக்கு உள்ளே வருகிற காற்றும் வேண்டும், கதவுக்குக் கீழே துணி அடைக்காதீர்கள். புகைபோக்கியை வருடாவருடம் துப்புரவாக்கிய பத்திரம் முதலாளியிடம் இருக்க வேண்டும், கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலையிடி, தலைசுற்று, சத்தி என்றால் குளிசை தேடாதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள், 18க்கோ (தீயணைப்புப் படை) 112க்கோ (அவசர உதவி) அடியுங்கள், கரி எரிந்தது என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எங்களுக்கும் பிடிபடாமல் போகலாம். மயங்கி விழுந்தவர் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு வரத்தான் வேண்டும். கர்ப்பிணி என்றால் தலையிடியே இல்லாவிட்டாலும் வரவேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குத் தாயைவிட அதிகம் பாதிக்கும். சாதாரணக் காற்றில் இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடியில் முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

விசா இல்லை, கார்ட் இல்லை என்று பயந்து வராமல் இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் பத்திரங்கள் எனக்குத் தேவையில்லை. நீங்கள் சொல்வது மருத்துவ இரகசியம், அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. உடனடியான பாரதூர ஆபத்து இருக்கிற இடத்திலிருந்து விலகி நிற்கும் உரிமையை பிரெஞ்சுத் தொழிற்சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. அண்ணாமாரே, தம்பிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வாருங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போனார். சப்பாத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "டொக்டர், விசிறியைப் போடச் சொல்லி முதலாளிக்கு ஒரு துண்டு எழுதித் தருவீங்களோ? நான் சொன்னாக் கேக்கமாட்டினம்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.