களியக்காவிளை பஸ்ஸும் மட்டி வாழையின் ஜீனோமும்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகும் பஸ்ஸில் யாருமே கடைசி வரை போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பார்வதிபுரத்தில் ஏறி வில்லுக்குறியில் இறங்குகிறார். இன்னொருவர் சுங்கான்கடையில் ஏறித் தக்கலை வரை போகிறார். வேறொருவர் வில்லுக்குறியிலிருந்து அழகியமண்டபம். ஒவ்வொருவரும் தாம் கடந்த நிறுத்தங்களை ஒரு சீட்டில் வரிசையாக எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டுகளைக் குலுக்கி, நம் ஊர்ப்பக்கமே வந்திராத ஒருவரிடம் கொடுத்தால் முழு வழித்தடத்தையும் சொல்லிவிடுவாரா? சொல்லிவிடுவார். ஒரு சீட்டின் வாலும் இன்னொரு சீட்டின் தலையும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்துக் கோத்துக்கொண்டே போனால் போதும்.

அக்கா மகள் ஒருநாள் கேட்டாள்: "டிஎன்ஏவ மிஷின்ல வச்சா முழுசும் வாசிச்சிருமா மாமா?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் எந்த எந்திரமும் ஒரு ஜீனோமை, அதாவது ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதையும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிப்பதில்லை. மனித ஜீனோமில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் மாறி மாறி சுமார் 300 கோடி இடங்களில் வருகின்றன. பிரெடரிக் சாங்கர் 1977இல் தந்த முறையில் ஒரு தடவைக்கு ஆயிரம் எழுத்து வாசிப்பதே அதிகம். இன்று பரவலாக இருக்கும் எந்திரங்கள் அதைவிடச் சின்னத் துண்டுகளை, 150 அல்லது 300 எழுத்துகளை, ஆனால் கோடிக்கணக்கில் வாசிக்கின்றன. எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எந்திரத்துக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது அல்காரிதத்தின், அதாவது கணினிக்குச் சொல்லித்தரும் படிப்படியான வழிமுறையின், வேலை.

துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்பதால் ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவையாவது வாசிப்பார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்திரம் எழுத்தைத் தப்பாக வாசிப்பதுண்டு. 29 சீட்டுகள் சுங்கான்கடைக்கு அடுத்தது வில்லுக்குறி என்று சொல்ல, ஒரே ஒரு சீட்டு குளச்சல் என்று சொன்னால் எதை ஒதுக்குவது என்பதில் குழப்பமில்லை.

சரி, சீட்டு பத்து என்றால் கையாலேயே கோத்துவிடலாம். ஒரு கோடி என்றால்? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட 50 லட்சம் கோடி ஒப்பீடுகள் ஆகும். அதை முடித்தாலும், எல்லாச் சீட்டுகளையும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். இந்தக் கணக்குக்கு எந்த நிலையிலும் விரைவாக விடை தரும் வழி இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் வருகிறது. கோனிக்ஸ்பெர்க் நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே தடவை கடந்து எல்லாவற்றிலும் நடந்துவர முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று 1736இல் கணித மேதை லெனார்ட் ஆய்லர் நிறுவினார். அவர் காட்டிய வழியில் யோசித்தால், ஒவ்வொரு ஜங்ஷனிலும் எத்தனை சாலைகள் வருகின்றன, எத்தனை போகின்றன என்று எண்ணினாலே போதும். 2001இல் பாவெல் பெவ்ஸ்னர், ஹைக்ஸு டாங், மைக்கேல் வாட்டர்மேன் மூவரும் ஜீனோம் கணக்கை இந்தப் பாலக் கணக்காக மாற்றிக் காட்டினார்கள்.

எப்படி? ஏ-டி-ஜி, டி-ஜி-சி, ஜி-சி-டி என்று மூன்று துண்டுகள் இருக்கட்டும். துண்டை நிறுத்தமாக வைக்காமல் சாலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு, 'ஏ-டி' என்ற ஜங்ஷனிலிருந்து 'டி-ஜி' என்ற ஜங்ஷனுக்குப் போகும் சாலை. இரண்டாவது, 'டி-ஜி'யிலிருந்து 'ஜி-சி'க்கு. மூன்றாவது, 'ஜி-சி'யிலிருந்து 'சி-டி'க்கு. யாரும் யாரோடும் ஒப்பிடாமலே சாலைகள் தாமாக இணைந்துவிட்டன. எல்லாச் சாலைகளிலும் ஒரு தடவை நடந்தால் ஏ-டி-ஜி-சி-டி வந்துவிடும். எல்லா ஜங்ஷன்களையும் ஒரு தடவை தொடுவது மலை. எல்லாச் சாலைகளிலும் ஒரு தடவை நடப்பது கணினிக்குச் சில நிமிட வேலை. கேள்வியை மாற்றிக் கேட்டதில் கிடைத்த விடை இது. காகிதத்தில் நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஆனால் 'மூடு' தொல்லை ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஆலுமூடு, புளியமூடு என்று மரத்தடியை வைத்துப் பெயர் பெற்ற இடங்கள் எவ்வளவு! ஒரே வழித்தடத்தில் இரண்டு ஆலுமூடு இருந்து, சீட்டில் 'ஆலுமூடு' என்று மட்டும் இருந்தால் எந்த ஆலுமூடு? ஜீனோமிலும் இப்படித்தான். மனித ஜீனோமில் ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். 'அலு' என்ற 300 எழுத்துத் துண்டு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. குலசேகரம் பக்கம் பால் வெட்டும் ரப்பர் மரத்தில் இது இன்னும் மோசம். அதன் ஜீனோமில் 70 விழுக்காட்டுக்கு மேல் இப்படிப்பட்டவை. மனித ஜீனோம் 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டும் சுமார் 8 விழுக்காடு 2022 வரை நிரப்பப்படாமல் இருந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கும் எந்திரங்கள் வந்த பிறகுதான் அது தீர்ந்தது. பார்வதிபுரத்தில் ஏறிக் குழித்துறை வரை உட்கார்ந்திருந்தவர் இரண்டு ஆலுமூட்டையும் பார்த்திருப்பார் அல்லவா?

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வாழைதான் நினைவுக்கு வருகிறது. காட்டு வாழையான மூசா அக்குமினாட்டாவின் ஜீனோம் 2012இல் வெளியானது. நீளம் 50 கோடி எழுத்துகளுக்குச் சற்று மேல். அதில் வரும் தொகுதிக்கு (ஜீனோமின் ஒரு முழுப் பிரதிக்கு) ஏ என்று பெயர், மூசா பால்பிசியானா என்ற இன்னொரு காட்டு வாழையின் தொகுதிக்கு பி. (இவை டிஎன்ஏ எழுத்துகள் அல்ல, வாழைக்காரர்கள் வைத்த அடையாளம்.) 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டியில் ஏ தொகுதி இரண்டு. ஏத்தனில் (நேந்திரனில்) ஏ இரண்டு, பி ஒன்று. அதாவது ஏறக்குறைய ஒரே வழியில் மூன்று பஸ்கள் போகின்றன, மூன்றின் சீட்டுகளும் ஒரே பையில் கலந்து கிடக்கின்றன. ஆயிரம் எழுத்துகளுக்கு ஒருசிலவே வேறுபடும் இடத்தில், அந்த வேறுபாடுகளே பிடி. நீளமான துண்டு ஒன்றில் இரண்டு வேறுபாடுகள் சேர்ந்து வந்தால் அவை ஒரே பஸ்ஸைச் சேர்ந்தவை. அந்த இரண்டில், மற்ற இரண்டு பஸ்களிலும் இல்லாத ஒன்று இன்னொரு துண்டிலும் இருந்தால் அதையும் இதே பஸ்ஸில் சேர்க்கலாம். இப்படி வேறுபாட்டைப் பிடித்து வேறுபாட்டுக்குத் தாவித்தான் அல்காரிதம் ஏத்தனின் மூன்று தொகுதிகளையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறது.