சுட்ட எலும்பு கரையாது

கார்டிஃபில் படிக்கும் வாசகர் ஒருவர், விடுமுறையில் மேற்கு வேல்ஸின் பிரெசெலி மலைக்குப் போய்வந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். 363 மீட்டர் உயரக் குன்று, அதன் உச்சியில் மூன்று பெரிய கற்குவியல்கள். “இவற்றுக்கு 4000 வயது இருக்கும் என்கிறார்கள். கல்லுக்கு எப்படி வயது பார்க்கிறார்கள்? போன வருடம் யாரோ குவித்தது இல்லை என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டிருந்தார்.

அந்தக் குன்றின் பெயர் வோயல் டிரிகார்ன். வேல்ஸ் மொழியில் ‘மூன்று கற்குவியல் உள்ள மொட்டைக் குன்று’ என்று பொருள். சங்கப் பாடல்களில் வரும் ‘பதுக்கை’யை நினைத்துக்கொள்ளுங்கள், இறந்தவர் மேல் கல் குவிக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. வெண்கலக் கால மக்கள் குவித்துவிட்டுப் போனார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழிந்து இரும்புக் கால மக்கள் வந்தார்கள், அதே உச்சியைச் சுற்றி மதில் எழுப்பி மலைக்கோட்டை ஆக்கினார்கள். உள்ளே 200க்கும் மேற்பட்ட வீடுகளின் தளங்கள் தெரிகின்றன. மதிலுக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் மூன்று குவியல் கல் கிடக்கிறது. இருந்தும் அவற்றைக் கலைக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, வயதுக்கு வருவோம். கல்லைச் சோதித்தால் பாறை உருவான காலம்தான் கிடைக்கும். பிரெசெலிப் பாறைக்கு அது 40 கோடி ஆண்டுக்கும் மேல். மனிதர் குவித்த காலம் வேண்டுமானால், குவியலுக்கு அடியில் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதாவது கிடைக்க வேண்டும். கரியோ, எலும்போ. உயிர் போனபிறகு கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் புதிதாகச் சேராது. இருப்பது 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 4000 ஆண்டு ஆகியிருந்தால் சுமார் 62 சதவீதம் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

ஆனால் வேல்ஸ் மலைமண் அமிலத்தன்மை கொண்டது. ஓயாத மழையும் சேர்ந்து, புதைத்த உடலின் எலும்பை நாளடைவில் முழுக்கக் கரைத்துவிடும். சில குழிகளில் மண்ணில் ஒரு கறை மட்டுமே மிஞ்சியிருக்கும். அதே மண்ணில், எரித்துத் தாழியில் வைத்த எலும்பு மட்டும் சில்லு சில்லாக அப்படியே கிடக்கிறது. எரித்தது அழிந்து, எரிக்காதது அல்லவா நிற்க வேண்டும்?

பச்சைச் செங்கலை மழையில் வைத்தால் கரைந்து சேறாகும், சூளையில் சுட்டதைக் கரைக்க முடியாது. எலும்பிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. எலும்பு என்பது கொலாஜன் என்ற புரத நாரும், அதன் இடுக்குகளில் மிக நுண்ணிய கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் சேர்ந்தது. சிதையில் முதலில் நார் கருகும், எலும்பு கறுப்பாகும். சூடு ஏற ஏறச் சாம்பல் நிறம், 600 டிகிரியைத் தாண்டிப் போனால் வெள்ளை. காடாற்றுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நன்றாக வெந்த எலும்பு வெளுத்துப்போய், ஒன்றோடொன்று பட்டால் ஓட்டுச் சில்லு மாதிரி ஒலிக்கும். அந்தச் சூட்டில் குட்டிப் படிகங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. அமிலம் கடிக்க முன்பிருந்த பரப்பு இல்லை. படிகத்துக்குள் இருந்த கார்பனேட்டில் பெரும்பகுதி போய், மிச்சம் கொஞ்சம் உள்ளே பூட்டிக்கொள்கிறது. அதில் கார்பன் இருக்கிறது அல்லவா, அதையே கணக்கெடுக்கலாம் என்று 1990களின் இறுதியில் கண்டுகொண்டார்கள். அதுவரை எரிந்த எலும்பு காலக்கணிப்புக்கு உதவாது என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை தெரிய வந்தது. சோதனைக்காக விலங்கு எலும்பை எரித்துப் பார்த்தபோது, பூட்டிக்கொண்ட கார்பனில் பெரும்பங்கு எலும்பினுடையதே இல்லை, விறகினுடையது. படிகங்கள் உருமாறும் அந்த நேரத்தில், தீயிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய் இடம் பிடித்துக்கொள்கிறது. அதாவது இறந்தவரின் எலும்புக்குள் அவரை எரித்த மரம் இருக்கிறது! சுள்ளி அடுக்கி எரித்திருந்தால் கணக்கு சரியாக வரும். முதிர்ந்த ஓக் மரத்தின் உள்வயிரத்தில் எரித்திருந்தால், இறந்தவருக்கு மரத்தின் வயதும் கொஞ்சம் ஏறிவிடும்.

கார்பன் இப்படி மாறினாலும், எலும்பில் சிறிதளவு இருக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத் தனிமம் மாறுவதில்லை. அது வாயுவாகப் பறந்துபோகாது, கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்தபடியே இருக்கும். அதன் ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளின்) விகிதம், அந்த மனிதர் சாப்பிட்டது எந்தப் பாறை மண்ணில் விளைந்தது என்று காட்டும். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பூமியில் நிற்கும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் 1920களில் தோண்டி எடுத்த எரிந்த எலும்புகளை, யாருக்கும் பயன்படாது என்று 1935இல் ஒரே குழியில் கொட்டி மூடிவிட்டார்கள். 2008இல் அதையே மறுபடி திறந்தார்கள். 2018இல் வந்த முடிவில், சோதித்த 25 பேரில் 10 பேர் அந்தச் சுண்ணாம்புப் பூமியில் வாழ்ந்தவர்கள் இல்லை. அவர்களின் விகிதம் மேற்கு வேல்ஸுடன் பொருந்துகிறது. ஸ்டோன்ஹெஞ்சில் ‘நீலக்கற்கள்’ என்று அழைக்கப்படும் பாறைத் தூண்கள் வந்ததும், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் இதே பிரெசெலி மலையிலிருந்துதான்.

அருங்காட்சியகக் கிடங்குகளுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் குழியைத்தான் காட்டுவேன். இன்றைக்கு எதற்கும் உதவாத பெட்டி, 70 ஆண்டு கழித்து வரப்போகும் கருவிக்காகக் காத்திருக்கிறது.

புதையல் ஆசை பற்றியும் ஒரு வார்த்தை. வடகிழக்கு வேல்ஸில் மோல்ட் ஊருக்குப் பக்கத்தில், பேய்களின் குன்று என்று பெயர் பெற்ற ஒரு கற்குவியல் இருந்தது. 1833இல் கல் எடுக்கப்போன வேலையாட்கள் அதில் தங்க மேலாடையைக் கண்டு, பிய்த்துப் பங்கு போட்டார்கள். பெரும்பகுதி இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒட்டுப்போட்டு நிற்கிறது. தங்கத்துக்கே அந்தக் கதி என்றால், எலும்புச் சில்லை யார் பொறுக்கி வைத்திருப்பார்கள்?

வாசகரின் இரண்டாவது கேள்விக்கு: மலையேறுபவர்கள் வைத்தது பெரும்பாலும் முழங்கால் உயரத்தில் கூம்பாக இருக்கும், கல் கொஞ்சம் தொட்டாலும் ஆடும். பழையது அகலமாகப் பரந்து, தாழ்ந்து, கல்லெல்லாம் படிந்து, பாசிப்படலம் ஏறிக் கிடக்கும். சில மலைகளில் பழைய குவியலின் உச்சியையே கலைத்து, காற்றுக்கு ஒதுங்க வட்டச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். ஆய்வகத்துக்கு வேண்டியது ஓரிரு கிராம் எலும்புதான். அது அந்தக் கல்லுக்கு நேர் கீழேயே இருக்கலாம்.