வெப்பக் கடல் மட்டும் போதாது: பினாங்கும் புயல்களும்

பினாங்கைச் சூழ்ந்த கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியில் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. வெப்பமண்டலப் புயல் உருவாக ஏறத்தாழ 26.5 டிகிரி போதும். அப்படியிருந்தும் இங்கே புயல் கரையைக் கடப்பது ஏன் இத்தனை அரிது?

கடலிலிருந்து ஆவியான நீர் மேலே எழுந்து குளிர்ந்து மேகமாகும்போது, தான் வாங்கிய வெப்பத்தை, ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் என்ற அளவில், காற்றுக்கே திருப்பித் தருகிறது. சூடேறிய காற்று மேலும் உயர, கீழே அழுத்தம் குறைந்து, அந்தத் தாழ்வை நோக்கி நாற்புறமிருந்தும் ஈரக்காற்று விரைகிறது. அது நேராக மையத்துக்குள் புகுந்தால் தாழ்வு விரைவில் நிரம்பி அடங்கிவிடும். பூமியின் சுழற்சியால் எழும் கோரியாலிஸ் விளைவு அதை வலப்புறம் விலக்குவதால்தான், வட அரைக்கோளத்தில் காற்று மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது. மேல்வளியின் வேகமும் திசையும் கீழ்க்காற்றிலிருந்து மிகவும் வேறுபட்டால் இந்த அமைப்பு சிதைந்துவிடும். அவ்வாறு சிதையாமல் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் அதைப் புயல் என்கிறோம்.

பினாங்கு 5.4 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கோரியாலிஸ் விலக்கம் குறைவதால், இங்கே அது துருவத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சென்னையில் இதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். விடியலுக்கு முன் வந்து விரைவில் ஓய்ந்துவிடும் சுமத்ரா காற்று, இடிமேகங்களின் வரிசையே தவிர, சுழலும் மையம் கொண்ட புயல் அன்று.

ஆனால் அட்சரேகை மட்டுமே காரணம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை, இங்குள்ள இராமநாதபுரத்து வழிவந்த குடும்பங்கள் பல அறியும். அது ஏறக்குறைய பினாங்கின் அட்சரேகையிலேயே, தெற்கு அந்தமான் கடலில் தாழ்வாகத் தொடங்கியது. மேற்கே திறந்த கடல் நீண்டு கிடந்ததால், நாள்கணக்கில் ஈரத்தை உண்டு வலுப்பெற அதற்கு இடம் கிடைத்தது. மலாக்கா நீரிணையிலோ ஒருபுறம் சுமத்ராவின் மலைகளும் மறுபுறம் தீபகற்பமும் அந்த இடத்தைத் தருவதில்லை.

கோரியாலிஸ் குறைந்தாலும் சுழற்சி வேறு வழியில் கிடைக்கலாம். 2001 டிசம்பர் இறுதியில், தென்சீனக் கடலின் தென்முனையில் வீசிய வலுவான வடகிழக்குப் பருவக்காற்று, போர்னியோ அருகே ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த ஒரு தாழ்வோடு சேர்ந்தபோது, நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 1.5 டிகிரி தொலைவில் வாமெய் புயல் உருவாகி, தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது.