ஜிப்சி, டிராவலர் மக்களைப் பற்றி நம் ஆட்கள் சொல்வதும் நான் பார்ப்பதும்

கோடை பிறந்தால் போதும், இங்கிலாந்தில் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஏதாவது ஒரு பூங்கா, நாலைந்து கேரவன், இரண்டு வேன், ஓடித் திரியும் பிள்ளைகள். கீழே, "வந்துட்டாங்க, ஷெட்டைப் பூட்டுங்க" என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாக வரும்: வரி கட்டமாட்டார்கள், சுத்தம் கிடையாது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள், எல்லாம் திருட்டுக் கூட்டம். எழுதுகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான், எனக்கு வேண்டியவர்கள். ஆனால் அவர்களில் யாரும் இந்த மக்கள் வீடாக வைத்திருக்கும் ஒரு டிரெய்லருக்குள், அதாவது கேரவனுக்குள், உட்கார்ந்து டீ குடித்திருக்க வாய்ப்பில்லை. என் வேலை என்னை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஹெல்த் விசிட்டர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் எடை, தடுப்பூசி, பேச்சு, நடை, தாயின் மனநிலை என்று எல்லாவற்றையும் கவனிக்கும் நர்ஸ். என் பகுதியில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நடத்தும் டிராவலர் சைட், அதாவது கேரவன்கள் நிற்க ஒதுக்கிய இடம், இருக்கிறது, சொந்த நிலத்தில் இருக்கும் குடும்பங்களும் உண்டு, சாலையோரத்தில் நின்றுவிட்டு நகரும் குடும்பங்களும் உண்டு. இவர்களைவிட அதிகமாக, சாதாரணச் செங்கல் வீட்டில் இருப்பவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவர்களுக்கென்று முதன்முதலாகத் தனிக் கட்டம் வந்தது. அதில் தங்களை ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் என்று குறித்தவர்களில் கேரவன் போன்ற நகரும் இருப்பிடங்களில் இருந்தவர்கள் கால்வாசிப் பேருக்கும் குறைவு. உங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இருக்கலாம், சொல்லாமல் இருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

யார் இவர்கள் என்பதிலேயே பெரிய குழப்பம் இருக்கிறது. ரோமானி ஜிப்சிகளின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை அவர்களுடைய மொழியும் மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. பிரிட்டனில் 1500களின் தொடக்கத்திலேயே அவர்களைப் பற்றிய பதிவு உண்டு. 1530இல் அவர்களை நாட்டைவிட்டே விரட்ட ஒரு சட்டம் போட்டார்கள். 1554இல் போகாமல் தங்கியவர்களுக்கு மரண தண்டனை என்று இன்னொரு சட்டம். ஐரிஷ் டிராவலர்கள் முற்றிலும் வேறு மக்கள். அவர்கள் அயர்லாந்தின் மண்ணின் மக்கள், இந்தியாவோடு அவர்களுக்குத் தொடர்பில்லை, சொந்தப் பேச்சுமொழியும் உண்டு. ஆங்கிலேய நீதிமன்றங்கள் ரோமானி ஜிப்சிகளை 1988இலும் ஐரிஷ் டிராவலர்களை 2000இலும் தனி இனக்குழு என்று ஏற்றுக்கொண்டன. அயர்லாந்து அரசு 2017 மார்ச் 1 அன்றுதான் ஏற்றது. ஆக, இவர்களைத் திட்டுவது சட்டப்படி இனவெறிதான், நம்மைத் திட்டினால் எப்படியோ அப்படி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ரோமா மக்கள், பொருட்காட்சி நடத்தும் குடும்பங்கள், கால்வாய்ப் படகில் வாழ்பவர்கள் இவர்களெல்லாம் வேறு வேறு. "நம்ம ஊர் நரிக்குறவர் மாதிரியா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை, அவர்களின் கதை வேறு, இவர்களின் கதை வேறு. ஊருக்குள் இருப்பவர்கள் பார்க்கிற பார்வை மட்டும் ஒன்று.

சரி, ஏன் பூங்காவில் வந்து நிற்கிறார்கள்?

ஒரு காலத்தில் இவர்கள் நிற்பதற்கென்றே வழக்கமான இடங்கள் இருந்தன. சந்துகளின் ஓரம், ஊர்ப் பொதுநிலம், தோட்டக்காரர்களின் வயல். கென்ட் பக்கம் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பறிக்கவும் பழம் பறிக்கவும் இவர்கள் வந்தால்தான் அறுவடை. 1960இல் வந்த கேரவன் சட்டத்தால் அந்த இடங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1968இல் இன்னொரு சட்டம், கவுன்சில்களே இவர்களுக்கு இடம் அமைத்துத் தரவேண்டும் என்றது. பல கவுன்சில்கள் இழுத்தடித்தன, சில செய்தன. 1994இல் அந்தக் கடமையையும் அரசு எடுத்துவிட்டு, சொந்தமாக நிலம் வாங்கி, அங்கே குடியிருக்கத் திட்ட அனுமதி (planning permission) வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. சரி என்று வாங்கினால், பக்கத்து ஊர்க்காரர்களின் எதிர்ப்பு மனுக்கள் குவிய, அனுமதி கிடைக்காது. எசெக்ஸில் டேல் ஃபார்ம் என்ற இடத்தில் 2011 அக்டோபரில் ஏறக்குறைய 80 குடும்பங்களைப் போலீஸ் வைத்து வெளியேற்றியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய நிலம், முன்பு பழைய இரும்புக் கடையாக இருந்தது. இல்லாதது திட்ட அனுமதி மட்டும்தான். "அடுத்தவன் நிலத்தை ஆக்கிரமித்தார்கள்" என்று இன்றும் நம்மவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

2022இல் வந்த போலீஸ் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அனுமதியில்லாத நிலத்தில் வண்டியோடு தங்கும் நோக்கத்தில் நின்று, அதனால் பெரிய சேதமோ இடைஞ்சலோ தொல்லையோ வந்தால் அல்லது வரக்கூடும் என்றால், போகச் சொல்லியும் போகாவிட்டால் அது குற்றம்; மூன்று மாதம் வரை சிறை, வீடாக இருக்கும் வண்டியையே பறிமுதல் செய்யலாம். ஒருமுறை விரட்டிய பகுதிக்கு 12 மாதம் திரும்பக்கூடாது என்ற தடையும் அதில் இருந்தது. 2024 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த நீண்ட தடை மனித உரிமைகளுக்குப் பொருந்தவில்லை என்று அறிவித்தது. நிற்க இடம் தராமல் நிற்பதைக் குற்றமாக்குவது எப்படி நியாயம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

குப்பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான புகார். சில இடங்களில் குப்பை கிடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சாலையோரத்தில் குப்பை வண்டி வராது, கழிப்பறை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. நம் வீட்டுக்கு மூன்று வாரம் குப்பை வண்டி வராமல் போனால் நாம் என்ன செய்வோம்? லீட்ஸ் நகரில் கவுன்சிலும் சமூக அமைப்பும் பேசி, குறிப்பிட்ட காலத்துக்கு ஓரிடத்தில் நிற்க அனுமதி கொடுத்து, குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் வைத்து, நடத்தை விதிகளை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். விரட்டுவதற்குச் செலவாகும் பணத்தைவிட அது மலிவு.

கவுன்சில் சைட்டுகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? மோட்டார்வே பாலத்தடி, ரயில் பாதை ஓரம், கழிவுநீர் ஆலைக்குப் பக்கம். மேற்கு லண்டனில் வெஸ்ட்வே மேம்பாலத்துக்குக் கீழே ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் நாள் முழுக்க வாகன ஓட்டம். இந்த மாதிரி இடங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இழுப்பும் இருமலும் அதிகம் என்பது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்காமலே விளங்கும். இந்த இடத்துக்கு அவர்கள் வாடகை கட்டுகிறார்கள், கவுன்சில் வரி கட்டுகிறார்கள், கரண்டுக்கும் தண்ணீருக்கும் தனியாகக் கட்டுகிறார்கள். "வரி கட்டாத கூட்டம்" என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதலாம்.

சுத்தம் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வழக்கம் மாறாத ஒரு ரோமானிக் குடும்பத்தின் டிரெய்லருக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி அலமாரியில் அடுக்கிய பீங்கான், பெரும்பாலும் ராயல் கிரவுன் டெர்பி என்ற பெயர்பெற்ற ஆங்கிலக் கம்பெனியுடையது, ஒரு தூசி இருக்காது. அப்புறம் பேசின்கள். பாத்திரம் கழுவ ஒன்று, கை கழுவ ஒன்று, துணிக்கு ஒன்று. ஒன்றை இன்னொன்றுக்கு எடுத்தால் அந்தப் பேசினைத் தூக்கி எறிந்துவிடும் பாட்டிமார் உண்டு. பாத்திரம் துடைக்கும் துணியை உள்ளாடையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போடமாட்டார்கள். நாய் எவ்வளவு செல்லமானாலும் வெளியேதான். டிரெய்லருக்குள் கழிப்பறை இருந்தாலும், சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அது என்ன அசிங்கம் என்று பயன்படுத்தாமலே விடுவார்கள். அதனால்தான் சைட்டில் குளியலறையும் கழிப்பறையும் தனிக் கட்டடத்தில் இருக்கும். எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சமையலறைத் தொட்டியிலேயே கையும் கழுவி, காய்கறியும் கழுவி, தரைத் துணியையும் அலசுகிற மற்றவர்களைப் பார்த்து இந்த மக்கள் முகம் சுளிப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

உடல்நலம்தான் என் துறை, அங்கேதான் எனக்கு மனது கனக்கிறது. அயர்லாந்தில் 2010இல் வெளிவந்த அகில அயர்லாந்து டிராவலர் சுகாதார ஆய்வின்படி, டிராவலர் ஆண்களின் ஆயுள் பொது மக்களைவிட 15 வருடம் குறைவு, பெண்களுக்கு 11.5 வருடம். குழந்தை இறப்பு 3.6 மடங்கு. தற்கொலை 6 மடங்கு. டிராவலர்களிடையே ஓர் இளைஞனின் தற்கொலைச் செய்தி கேட்காத குடும்பத்தை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஆண்கள் வாயே திறக்கமாட்டார்கள். மனைவிதான் வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, "அவருக்கு நரம்பு சரியில்லை" என்று, மனம் சரியில்லை என்ற அர்த்தத்தில், மெதுவாகச் சொல்வாள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் மறுபடி பேச்சே வராது.

"அவர்களே டாக்டரிடம் போகமாட்டார்கள்" என்று ஒரு சொல் உண்டு. ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான். கால் கீழாகப் பிறந்த குழந்தை. அப்படிப் பிறந்தால் இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று முதல் சில வாரங்களுக்குள் ஸ்கேன் எடுக்கவேண்டும். விலகியிருந்தால் ஒரு வார்ப்பட்டை மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், மாதக்கணக்கில் தாமதமானால் அறுவை சிகிச்சை வரை போகும். மருத்துவமனை கடிதம் போட்டது. கடிதம் போன முகவரி ஓர் உறவினருடையது. குடும்பத்தை அதற்குள் இரண்டு இடத்திலிருந்து கிளப்பிவிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. தேதி கடந்தது, "வரவில்லை" என்று எழுதி மருத்துவமனை கோப்பை மூடிவிட்டது. போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அந்த அம்மா விடியற்காலையிலேயே வந்து நின்றிருப்பாள், ஏனென்றால் நான் கூப்பிட்டபோது அப்படித்தான் வந்தாள். மூட்டு விலகியிருந்தது, வார்ப்பட்டை போட்டார்கள். அதை அடிக்கடி போய்ச் சரிபார்க்க வேண்டும், அதனால் குடும்பம் நகராமல் இருக்கவேண்டும். வெளியேற்றுவதற்கு முன் குடும்பத்தின் உடல்நலத் தேவைகளைக் கவுன்சில் விசாரிக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினோம், சில வாரம் பொறுத்தார்கள். குழந்தை இப்போது ஓடுகிறாள். அந்தக் கோப்பில் முதலில் எழுதியிருந்தது "தாய் ஒத்துழைக்கவில்லை".

இந்த "ஒத்துழைக்கவில்லை" என்ற வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. மாமனாரும் மச்சானும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு இளம்பெண்ணிடம் தாய்ப்பால், மாதவிடாய், கருத்தடை என்று கேட்டால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். நம் கிராமத்துப் பெண் என்ன செய்வாள்? அதேதான். பிள்ளையின் எடை பார்க்கும் சாக்கில் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டால் எல்லாம் சொல்வாள். தடுப்பூசி விஷயத்திலும், கத்தும் போஸ்டர்களைவிட அவர்களில் ஒரு மூத்த பெண்மணி "நான் என் பேரனுக்குப் போட்டேன்" என்று சொல்வது வேலை செய்கிறது. தட்டம்மை இவர்களிடையே திரும்பத் திரும்பப் பரவியிருப்பதால் எம்.எம்.ஆர். ஊசியைச் சைட்டுக்கே கொண்டுபோகிற ஊர்களும் இருக்கின்றன.

படிப்பு. 2011 கணக்கெடுப்பில் இவர்களில் 60 சதவீதம் பேரிடம் எந்தக் கல்வித் தகுதியும் இல்லை. ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளைகள் ஆசையாகப் போகிறார்கள், நான் பார்க்கிறேன், சீருடை பளபளவென்று இருக்கும். பதினொரு வயதில் பெரிய பள்ளிக்குப் போனதும் மாறிவிடுகிறது. வகுப்பில் பென்சில் காணாமல் போனால் முதலில் இவன் பையைத்தான் பார்க்கிறார்கள். கெட்ட பெயரிட்டுக் கூப்பிட்டவனை விட்டுவிட்டு, திருப்பி அடித்த இவனை வெளியேற்றுகிறார்கள். அப்புறம் அப்பா வேலைக்குக் கூட்டிப்போகிறார்: மரம் வெட்ட, தார் போட, பழைய இரும்பு எடுக்க, குதிரை வளர்க்க. டைசன் ஃப்யூரி குத்துச்சண்டையில் ஜெயித்தால் ஊரே கொண்டாடுகிறது, அவரும் தன் டிராவலர் வேரை மறைத்ததே இல்லை. அவ்வளவு பெரிய பெயர் இல்லாத பிள்ளைகள் பள்ளியில் அதை மறைத்துத்தான் படித்து முடிக்கிறார்கள்.

திருட்டுப் பற்றிக் கேட்பீர்கள். குற்றம் செய்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். 2021இல் இந்நாட்டின் ஒரு பெரிய விடுமுறைப் பூங்கா நிறுவனம், டிராவலர்களிடையே அதிகம் இருக்கும் ஐரிஷ் குடும்பப் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில் யார் பதிவு செய்தாலும் இடம் மறுத்துவந்தது அம்பலமானது. பெயரை மட்டும் வைத்து. பெயரைப் பார்த்ததும் வாடகை வீடு இல்லை என்று சொல்லப்பட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அப்படியிருந்தும் பெட்ரோல் பங்கிலும் கடையிலும் நம்மவர்கள் இவர்களை வாசலிலேயே முறைப்பது எனக்கு வலிக்கிறது.

கடைசியாக, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு. இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயமில்லை. இது சலுகை அல்ல, அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் விதியே அதுதான். நிலையான முகவரி இல்லாதவருக்குக் கிளினிக்கின் முகவரியையே போட்டுப் பதியலாம். படிவத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், "நான் கேட்கிறேன், நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று எல்லாரிடமும் சொல்வதுபோலச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர் கூசிப்போக மாட்டார். போன் நம்பரை வாங்கி, கடிதம் வேண்டாம், கூப்பிட்டுச் சொல்லவும் என்று கோப்பின் மேலேயே குறித்து வையுங்கள். மனைவியின் நம்பரையும் சேர்த்து வாங்குங்கள், ஆண்களின் நம்பர் அடிக்கடி மாறும்.